லோரிக்கு ஒரு மடக்குப் படி



விடியற்காலை ஐந்தரை மணி. பெரட்டு முடிந்துவிட்டது. மண்டோர் பெயர் கூப்பிட்டாயிற்று. லோரி இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் கத்தி, தோளில் சாப்பாட்டுப் பை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மார்பளவு உயரத்தில் இருக்கும் லோரித் தட்டில் ஏற வேண்டும். முதலில் டயர் மீது ஒரு கால். பிறகு பின்பலகையின் கொக்கி மீது இன்னொரு கால். மேலே இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கிறார். கீழே இருப்பவர் முதுகைத் தாங்குகிறார். எப்படியோ ஏறிவிடுகிறோம். இப்படி ஏறி இறங்கியே ஆயுளைக் கழித்த தாய்மார்கள் நம் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் உண்டு. இன்றும் டிரெக்டருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரில் ஆட்கள் ஏறிப் போகிற தோட்டங்கள் இருக்கின்றன.

இன்று நான் பேசப் போவது அந்த ஏற்றத்தைப் பற்றித்தான். லோரிக்கோ டிரெய்லருக்கோ ஒரு மடக்குப் படி எப்படிப் பொருத்துவது? அளவு என்ன, எந்த இடத்தில் போல்ட்டு போடுவது, எதை மறக்கக் கூடாது? வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில கணக்குகள் வரும்.

நான் தோட்டத்துப் பட்டறையில் வேலை பழகியவன். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டம், 1978 ஆம் ஆண்டு. என் சின்னம்மா அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலை முடிந்து லோரி வந்து நின்றது. எல்லோரும் குதித்தார்கள், அவரும் குதித்தார். பின்பலகையின் மேல் விளிம்பில் ஒரு போல்ட்டுத் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் அவருடைய மோதிரம் மாட்டிக்கொண்டது. உடம்பு கீழே போய்விட்டது, விரல் மேலே நின்றுவிட்டது. இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்ப்பா தம்பி, துரையோட ஜீப்புக்குப் படி வெச்சிருக்கீங்க. எருமை மாடு ஏத்துற வண்டிக்குக்கூட சாய்வுப் பலகை செஞ்சிருக்கீங்க. எங்களுக்கு ஒரு படி செய்ய ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். ஆனால் அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்கு உண்டு.

கை ஏணி ஒன்று போதாதா என்று சிலர் கேட்பீர்கள். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். மரத்தில் ஒரு ஏணி, மேல் முனையில் இரண்டு இரும்புக் கொக்கி. காலையில் லோரியில் மாட்டி ஏறுவார்கள். பிறகு ஏணி ஸ்டோரிலேயே நின்றுவிடும், ஆட்கள் வெளிக்காட்டுக்குப் போய்விடுவார்கள். இறங்கும்போது பழைய குதிப்புத்தான். ஒரு மாதத்தில் அந்த ஏணி யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ போய்ச் சேர்ந்தது. ஆகவே படி வண்டியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஓடும்போது மடங்கி நிற்க வேண்டும். நின்றதும் இறங்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் லோரியின் முதுகில் ஒரு சிறு வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். அதன் கதவும் தரையிலிருந்து மூன்று அடிக்கு மேல். அவர்களுக்கும் இதே தொல்லைதான். அதற்காகக் கத்தரிக்கோல் போல விரிந்து சுருங்கும் அலுமினியப் படிகளைக் கதவுக்குக் கீழே பொருத்திக்கொள்கிறார்கள். உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் தினமும் சேற்றுக் காலோடு முப்பது பேர் ஏறி இறங்கும் வேலைக்கு அந்த வகை ஒத்துவராது என்பது என் கருத்து. கத்தரி மூட்டுகள் பல. ஒவ்வொன்றிலும் மண் புகும், ஒவ்வொன்றும் தேயும். நமக்கு இரண்டே மூட்டு உள்ள படி போதும்.

சரி, அளவுக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். தரையிலிருந்து தட்டின் மேல்பக்கம் வரை அளவு நாடா பிடியுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் இது மாறும். கணக்குக்கு 42 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 107 சென்டிமீட்டர். இதை நான்கால் வகுத்தால் பத்தரை அங்குலம். ஆக முதல் படி தரையிலிருந்து பத்தரை அங்குலத்தில், இரண்டாவது 21 அங்குலத்தில், மூன்றாவது முப்பத்தொன்றரை அங்குலத்தில். நான்காவது அடி வைத்தால் லோரித் தட்டு. மூன்று படிகளும் ஒரு தட்டும், அவ்வளவே.

ஏற்றங்கள் நான்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். “கீழ்ப்படியைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் கல்லில் இடிக்காதே” என்று பட்டறைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். மனிதனுடைய காலுக்கு ஞாபகசக்தி உண்டு. முதல் இரண்டு படி எவ்வளவு தூக்கினோமோ அதே அளவு மூன்றாவதற்கும் கால் தானாகத் தூக்கும். அங்கே ஓர் அங்குலம் கூடினாலும் கால்விரல் தட்டும். இருட்டில் இறங்கும்போது ஓர் அங்குலம் குறைந்தாலும் அடி தவறும். கல்லில் இடிக்கும் பிரச்சினைக்கு வேறு வழி இருக்கிறது. படி மடங்கி மேலே போய்விட்டால் கல் எங்கே, படி எங்கே?

படி செங்குத்தாக நிற்கக் கூடாது. தட்டின் விளிம்பிலிருந்து கீழ்ப்பக்கம் 18 அங்குலம் வெளியே தள்ளிச் சாய வேண்டும். உயரம் 42, சாய்வு 18 என்றால் பக்கச் சட்டத்தின் நீளம் எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் செங்கோண முக்கோணம் படித்த பிள்ளைகள் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 46 அங்குலம் வரும். அகலம் 20 அங்குலம் போதும். ஒருவர் ஏறும் அகலம் அது. இருவர் ஒரே சமயத்தில் ஏற இடம் கொடுத்தால் இருவரும் ஏறுவார்கள், அதனால் அகலத்தைக் கூட்ட வேண்டாம்.

இனி எங்கே பொருத்துவது? நாங்கள் பல இடம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் இடது ஓரத்தைத் தேர்ந்தெடுத்தோம். நம் நாட்டில் வண்டி சாலையின் இடதுபக்கம் போகிறது. இடது ஓரத்தில் இறங்கினால் புல் ஓரம், வலதில் இறங்கினால் மற்ற வண்டிகள் வரும் பக்கம். அதோடு புகைக்குழாய் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூடான குழாய்க்கு அருகில் படி வந்தால் காலில் சுடும்.

பின்பலகை முழு நீளத்துக்கு ஒரே பலகையாக இருக்கும். அதைக் கீழே தொங்கவிட்டால் படிக்கு இடம் கிடைக்காது. ஆகவே இடது ஓரத்தில் 20 அங்குலத்துக்குப் பலகையை வெட்டி எடுத்துவிட வேண்டும். மீதிப் பலகை வழக்கம்போல் திறந்து மூடும். வெட்டிய இடத்தின் இரு பக்கமும் தட்டின் சட்டத்தோடு சேர்த்து இரண்டு இரும்புத் தூண்கள் நிறுத்துங்கள். உயரம் தட்டிலிருந்து மூன்றரை அடி. இவை இரண்டு வேலை செய்யும். ஏறுகிறவருக்குக் கைப்பிடி, மடக்கிய படிக்குத் தாங்கல். படி மேல்நோக்கி மடங்கியதும் அந்த இடைவெளிக்கு அதுவே கதவு ஆகிவிடும். படியின் முதுகில் வலைக்கம்பி அடித்துவிட்டால் யாரும் இடைவெளியில் வழுக்கி விழ முடியாது.

கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய் ஒன்றேகால் அங்குலக் கனத்தில் இருந்தால் பெண்களின் கைக்கும் ஆண்களின் கைக்கும் பொருந்தும். அதற்கு மேல் தடித்தால் சின்னக் கை சுற்றிப் பிடிக்க முடியாது. குழாய்க்கும் பலகைக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இடம் விடுங்கள். கையுறை போட்ட கை உள்ளே போக வேண்டும். ஈரத்தில் விரல் சிக்கவும் கூடாது.

அடுத்தது போல்ட்டு விஷயம். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சில லோரிகளில் பின்பலகைக்குக் கீழே ஓர் இரும்புத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதையே படி என்பார்கள். அந்தத் தகடு 12 அங்குலம் வெளியே நீட்டுகிறது, அதைப் பிடித்திருக்கும் மேல் போல்ட்டுக்கும் கீழ் ஆதாரத்துக்கும் இடையே 4 அங்குலம்தான் என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் தகட்டின் நுனியில் நிற்கிறார். மேல் போல்ட்டை எவ்வளவு பாரம் இழுக்கும்? 70 கிலோ என்பீர்கள். இல்லை. பன்னிரண்டை நான்கால் வகுத்தால் மூன்று. ஆக 210 கிலோ இழுக்கும். கடப்பாரையால் கல்லை நெம்புகிறோமே, அதே நியாயம்தான். நீளமான பக்கத்தில் சிறு பாரம், குட்டையான பக்கத்தில் பெரிய இழுப்பு. அவர் நிதானமாக நிற்காமல் மேலிருந்து ‘தொம்’ என்று மிதித்தால் அந்த 210 இன்னும் கூடும். மரப்பலகையில் முறுக்கிய திருகாணி அதைத் தாங்குமா? இரண்டு மாதம் தாங்கும். மூன்றாவது மாதம் பிடுங்கிக்கொண்டு வரும்.

நாம் செய்யும் படியில் இந்த நெம்புகோல் வராது. ஏனென்றால் மேல் முனை கீலில் தொங்குகிறது, கீழ் முனை தரையில் ஊன்றி நிற்கிறது. பாரத்தில் ஒரு பகுதியைப் பூமியே தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் நீட்டிய தகட்டைவிட ஊன்றிய படி நல்லது என்கிறேன்.

ஆனாலும் கீலை அலட்சியமாகப் போடக் கூடாது. எட்டில் மூன்று பங்கு அங்குலத் தகட்டில், அதாவது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனத்தில், இரண்டு காதுகள் வெட்டுங்கள். ஒவ்வொரு காதுக்கும் அரை அங்குலக் கனமுள்ள போல்ட்டு நான்கு. போல்ட்டு, தட்டின் அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தைத் துளைத்துப் போக வேண்டும். வெறும் பலகையையோ மெல்லிய தகரத்தையோ பிடித்தால் போதாது. சட்டத்தின் மறுபக்கம் ஒரு தகட்டுத் துண்டு வைத்து அதன் மேல் நட்டு வரட்டும். நட்டு உள்வளையத்தில் நைலான் வைத்த வகையாக இருக்கட்டும். தோட்டத்துப் பாதையின் குலுக்கலில் சாதாரண நட்டு தானாகவே கழன்று வரும். கழன்ற நட்டு பாதையில் விழுந்து கிடப்பது, யாரோ விழுந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

லோரியின் இரண்டு நீளமான அடிச்சட்டங்களை, அதாவது இயந்திரத்தையும் சக்கரத்தையும் தாங்கும் முதுகெலும்பை, துளைக்கவும் கூடாது, அதில் பற்றவைக்கவும் கூடாது. துளை போட்ட இடத்தில் பிற்காலத்தில் விரிசல் விடும். மேலே உள்ள தட்டின் சட்டம் வேறு, அடிச்சட்டம் வேறு. பட்டறையில் இந்த வேறுபாடு தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சாலையில் ஓடும் பதிவு பெற்ற லோரியானால் இன்னொன்றும் உண்டு. 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவைக் கேட்டுக்கொள்ள வேண்டியது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

பற்றவைக்கும் வேலையைக் கழற்றி எடுத்த துண்டுகளில் செய்து முடியுங்கள். வண்டியில்தான் பற்றவைத்தாக வேண்டும் என்றால் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய்த் தொட்டி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். உலர்ந்த சருகும் கோணிச்சாக்கும் தட்டில் கிடந்தால் கூட்டித் தள்ளுங்கள். நான் சொல்வது சிறு விஷயம் போல் தோன்றும். கோணிச்சாக்கில் விழுந்த ஒரு பொறி, நாங்கள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், அரைப் பலகையைத் தின்றிருக்கிறது.

மிதிக்கும் தட்டு எதில் செய்வது? புள்ளி புள்ளியாகப் புடைத்த தகடு கடையில் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சேறு அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டால் அது வழுவழுப்பான தகடுதான். செம்பனைத் தோட்டமானால் பழத்தின் எண்ணெய் வேறு. வலை போல் துளைகள் உள்ள தடித்த தகடு நல்லது. சேறு கீழே விழுந்துவிடும், விளிம்புகள் செருப்பைப் பிடிக்கும். அகலம் ஏழு அங்குலம் இருந்தால் ரப்பர் பூட்ஸ் போட்ட கால் பாதிக்கு மேல் அமரும். சிவப்புத் துருத்தடுப்புச் சாயம் இரண்டு பூச்சு. அதன் மேல் ஒவ்வொரு படியின் முன் விளிம்பிலும் மஞ்சள் பட்டை. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கறுப்புச் சாயம் யாருக்கும் தெரியாது.

இப்போது எங்கள் முதல் படிக்கு நேர்ந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தரையில் வழுக்காமல் இருக்கட்டும் என்று கால்முனைகளைக் கூராகச் சீவியிருந்தேன். என் யோசனைதான் அது. முதல் நாள் காலை ஆட்கள் ஏற ஏற லோரியின் வில்பட்டைகள் அமுங்கின. இருபது பேர் என்றால் ஆயிரம் கிலோவுக்கு மேல். தட்டு ஒன்றிரண்டு அங்குலம் கீழே இறங்கியது. தட்டு இறங்கினால் படியின் கால் வெளியே நகர வேண்டும் அல்லவா? கூர்முனை மண்ணில் குத்திக்கொண்டு நகர மறுத்தது. பாரம் முழுவதும் கீலுக்குப் போய், ஒரு காது வளைந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. அன்று சாயங்காலமே கூர்முனையை வெட்டி எறிந்துவிட்டு நான்கு அங்குலச் சதுரத் தகடுகளைப் பாதமாக வைத்தேன். தகடு சேற்றில் புதையாது, வேண்டிய அளவு வழுக்கி நகரவும் செய்யும். பாதத்தின் ஓரங்களைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வெளிக்காட்டில் சமதரை எங்கே இருக்கிறது? ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் காண். அதற்காகக் கால்களைக் குழாய்க்குள் குழாயாகச் செய்தோம். உள்குழாயில் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை. எந்தத் துளையில் வேண்டுமோ அங்கே ஒரு பின். இரண்டு காலையும் தனித்தனியே நீட்டலாம், குறைக்கலாம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஆறு அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டிய பள்ளமானால், ஓட்டுநரிடம் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்வதுதான் சரி.

செய்து முடித்த படியின் எடை 15 முதல் 20 கிலோவுக்குள் வரும். கடைசியாக ஏறுபவர், படியின் கீழ்முனையில் கட்டிய கயிற்றை மேலிருந்து இழுத்துப் படியை நிமிர்த்த வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் தூக்கும் பலம் போதும். கீல் இருக்கும் இடத்தில் விரலை வைக்காமல் கயிற்றைப் பிடித்து இழுப்பது முக்கியம். நிமிர்ந்ததும் இரண்டு தூண்களிலும் பின் போட்டு, பின் நழுவாமல் அதன் துளையில் வளையக் கம்பியை மாட்ட வேண்டும். வெறும் கயிற்றால் கட்டிவைப்பது ஆகாது. ஓடும் வண்டியிலிருந்து அவிழ்ந்து விழும் படி, பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு எமன்.

படி கீழே இருக்கும்போதே ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டால்? இதுதான் எனக்கு இரவில் தூக்கம் கெடுத்த கேள்வி. வெளிநாட்டு வண்டிகளில் படி இறங்கியிருந்தால் ஓட்டுநர் அருகே மணி அடிக்கும்படி மின்சார ஏற்பாடு உண்டு. லோரியில் அதைச் செய்யலாம். கார்க் கதவு திறந்தால் விளக்கு எரிகிறதே, அதே மாதிரி ஒரு சிறு விசை போதும். டிரெய்லரில் அது நிலைக்காது. தினமும் கழற்றி மாட்டும்போது கம்பி அறுந்துவிடும், பிறகு யாரும் பழுது பார்க்க மாட்டார்கள். அங்கே மண்டோரின் விசில்தான் நம்பகமானது. இரண்டு பின்னும் மாட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விசில். விசில் கேட்காமல் கியர் போடக் கூடாது. ஒருமுறை அவசரத்தில் விசில் இல்லாமல் வண்டியை எடுத்த ஓட்டுநரிடம், மேலே நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து தட்டைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் மறக்கவில்லை.

தாய்மார்களே, படி வந்துவிட்டாலும் பழைய பழக்கம் உடனே போகாது. கையில் வாளியையும் கத்தியையும் வைத்துக்கொண்டே ஏறப் பார்ப்பீர்கள். சாமான்களை முதலில் மேலே கொடுத்துவிடுங்கள். கத்தி, செம்பனை அரிவாள், உளி இவற்றுக்குத் தனிப் பெட்டி வேண்டும். ஆட்களின் காலடியில் கிடக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் வண்டியைப் பிடித்திருக்க வேண்டும். வண்டியைப் பார்த்தபடியே ஏறுங்கள், வண்டியைப் பார்த்தபடியே இறங்குங்கள். வீட்டு மாடிப்படி போல் முகத்தை வெளியே திருப்பி இறங்கினால் குதிகால் படியில் தட்டும். மோதிரம் போட்டிருப்பவர்கள் கழற்றிச் சேலை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். கைலியோ சேலையோ தரையைத் தொடும்படி தொங்காமல் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். குதிப்பது மட்டும் வேண்டாம். மூன்றரை அடியிலிருந்து குதித்தால் முழங்கால் நம் எடையைப் போல் பல மடங்கு அதிர்ச்சியை வாங்குகிறது. இருபது வயதில் தெரியாது. ஐம்பது வயதில் லயத்து வாசற்படி ஏறும்போது தெரியும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? அவர்களை முதலில் ஏற்றி, முன்பக்கம் உட்கார வைத்து, கடைசியில் நிதானமாக இறக்குங்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை கீலுக்குக் கிரீஸ், எட்டு நட்டுக்கும் சாவி போட்டு ஒரு பார்வை, பின்களின் தேய்மானம். ஆனால் ஓர் எதிரி இருக்கிறது. அதை யாரும் எதிரியாக நினைப்பதில்லை. அது உரம். அதே லோரியில் காலையில் ஆட்களையும் மத்தியானம் பொட்டாஷ் உரத்தையும் ஏற்றுவார்கள். பொட்டாஷ் உரம் உப்பு இனம். ஈரம் பட்டால் இரும்பை அரித்துத் தின்றுவிடும். மேலே சாயம் நன்றாக இருக்கும், உள்ளே சட்டம் செல்லரித்த பனை ஓலை போல் ஆகியிருக்கும். உரம் ஏற்றிய அன்றே தட்டையும் படியையும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அலுமினியப் படி வாங்கிப் பொருத்தினவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அலுமினியமும் இரும்பு போல்ட்டும் நேராகத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் கிடந்தால், தொடும் இடத்தில் அலுமினியம் வெண்மாவாக உதிரும். நடுவே ஒரு பிளாஸ்டிக் வாஷர் வைத்தால் தடுக்கலாம். உர மூட்டைக்கு மேலும் மருந்துத் தகரத்துக்குப் பக்கத்திலும் ஆட்களை உட்கார வைப்பது வேறு ஒரு பெரிய தவறு. அதைப் பேசத் தொடங்கினால் இன்றைய நேரம் போதாது.

இதெல்லாம் நிர்வாகம் அல்லவா செய்ய வேண்டும், எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. நாற்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. 2024 ஜூன் 1 ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, ஐந்து பேர் வேலை செய்தால்கூடப் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். ஆகவே யாரிடம் சொல்வது என்று தெரியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. வண்டியில் ஏறி இறங்கும்போது விழுந்து அடிபட்டால், அது சொக்சோவில், இப்போது பெர்கெசோ என்கிறோம், எழுத வேண்டிய விபத்துத்தான். “சும்மா சுளுக்குத்தான்” என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் படுத்துவிடாதீர்கள். அன்றே கிராணியிடம் சொல்லி எழுதவையுங்கள். வைத்தியரின் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நிர்வாகத்திடம் போகும்போது “லோரி உயரமாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால், “இத்தனை நாள் ஏறினீர்களே” என்பார்கள். எங்களுக்கும் அந்தப் பதில்தான் முதலில் கிடைத்தது. இரண்டாவது முறை போனபோது ஒரு தாளை எடுத்துப் போனோம். தட்டின் உயரம், படம், வேண்டிய இரும்பின் நீளம், போல்ட்டு எத்தனை, வேலை எத்தனை நாள் என்று எழுதியிருந்தது. பட்டறையில் கிடந்த பழைய இரும்பே முக்கால்வாசிக்குப் போதும் என்பதையும் எழுதியிருந்தோம். அந்தத் தாளுக்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. கடைசியில் போல்ட்டும் நட்டும் மட்டுமே கடையில் வாங்கினோம்.

படி வந்த பிறகு என் சின்னம்மா பால்மரம் வெட்டப் போகவில்லை. அந்தக் கையால் கத்தி பிடிக்க முடியாமல் போனதால் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஆனால் படி தயாரான அன்று மாலை பட்டறைக்கு வந்தார். மூன்று படியும் ஏறி, தட்டில் நின்று, திரும்பி வண்டியைப் பார்த்தபடி இறங்கினார். “மூணாவது படி கொஞ்சம் ஆடுதுப்பா” என்றார். பார்த்தேன். ஒரு நட்டை நான் முழுதாக முறுக்கவில்லை.

உங்கள் தோட்டத்து லோரியின் உயரத்தை நாளைக்கே அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, ஆள் ஏறாத வெறும் வண்டியில் அளக்க வேண்டும். அந்த எண்ணை நான்கால் வகுங்கள். வரும் விடை பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டினால் படி மூன்று போதாது, நான்காக வைத்து ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பின்கள் இரண்டை ஓட்டுநரின் பெட்டியில் எப்போதும் போட்டு வையுங்கள். தொலைவதென்றால் முதலில் தொலைவது அவைதான்.